பழைய துப்பாக்கிக்கு ஒரு புதிய கண்

2018 ஏப்ரல் மாதம். கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டுகளில் பெண்களுக்கான 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி இறுதிச் சுற்று. சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோவும் இந்தியாவின் மெஹுலி கோஷும் கடைசிவரை மல்லுக்கு நின்றார்கள். மெஹுலி தம் கடைசிக் குண்டில் 10.9 புள்ளி எடுத்தார். ஒரு குண்டுக்கு அதற்கு மேல் புள்ளியே கிடையாது. தங்கம் தமக்குத்தான் என்று நினைத்து அவர் மகிழ்ந்த நேரத்தில், பலகையில் இருவருக்கும் 247.2 என்று வந்தது. சமநிலை. ஆளுக்கு இன்னும் ஒரே ஒரு குண்டு. மார்ட்டினா 10.3, மெஹுலி 9.9. தங்கம் சிங்கப்பூருக்கு வந்தது.

இருவருக்கும் இடையே 0.4 புள்ளி. அது எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

10 மீட்டர் குறிப்பலகையின் வெளி வட்டம் 45.5 மில்லிமீட்டர்தான். நடுவிலுள்ள 10 என்ற புள்ளி அரை மில்லிமீட்டர். ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்கு 2.5 மில்லிமீட்டர். ஆகவே 0.1 புள்ளி என்பது 0.25 மில்லிமீட்டர், 0.4 புள்ளி என்பது 1 மில்லிமீட்டர். உங்கள் அளவுகோலில் இரண்டு சின்னக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் இடம். பத்து மீட்டர் தள்ளி நின்று சுட்டு, அந்த இடைவெளியில் ஒரு தங்கப் பதக்கம் கை மாறியது.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தில் விலகியிருக்கும் இரண்டு புள்ளிகளைத்தான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கும். பத்து மீட்டரில் அது ஏறத்தாழ 2.9 மில்லிமீட்டர். அதைவிட நெருக்கமான இரண்டு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். அப்படியானால், கண்ணால் பிரித்தறிய முடியாத ஒரு மில்லிமீட்டரைச் சுடுபவர் எப்படிக் கட்டுப்படுத்துகிறார்?

விடை, துப்பாக்கியின் பின்பக்கத்தில், கண்ணுக்கு மிக அருகில் இருக்கும் ஒரு சிறு துளையில் இருக்கிறது. சுடுபவர்கள் அதை 'அபெர்ச்சர் சைட்' என்றும் 'பீப் சைட்' என்றும் சொல்வார்கள். நாம் துளைக்குறி என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துளை என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பிறகு, அதைவிடச் சுவாரசியமான இன்னொரு கேள்விக்கு வருவோம்: துளைக்குறியே இல்லாத ஐம்பது, நூறு வயதான ஒரு காற்றுத் துப்பாக்கியில், அதற்கு ஒரு கீறல்கூட விழாமல் இதை எப்படிப் பொருத்துவது?

மெரினா பலூனும் மூன்று தூரங்களும்

விடுமுறைக்குச் சென்னை போனவர்கள் மெரினா கடற்கரையில் பலூன் சுட்டிருப்பீர்கள். அந்தத் துப்பாக்கியின் குழல் நுனியில் ஒரு சிறு முனை நீட்டிக்கொண்டிருக்கும். அது முன்குறி. குழலின் பின்பகுதியில் 'வி' வடிவில் ஒரு வெட்டு இருக்கும். அது பின்குறி. வெட்டு, முனை, பலூன் மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: மூன்றும் ஒருசேரத் தெளிவாகத் தெரியவே தெரியாது. (பலூன் உடையாததற்குக் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல வேண்டாம்!)

காரணம் எளிது. வெட்டு கண்ணிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டரில் இருக்கிறது, முனை ஒரு மீட்டரில் இருக்கிறது, இலக்கு பல மீட்டர் தள்ளி இருக்கிறது. கண்ணின் வில்லை ஒரு நேரத்தில் ஒரு தூரத்துக்குத்தான் குவியும். இளம் கண்கள் சட்சட்டென்று தூரம் மாற்றிச் சமாளிக்கும். நாற்பது வயது தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அந்தப் பின்வெட்டு ஒரு சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரியும். பழைய துப்பாக்கி வைத்திருக்கும் பெரியவர்கள் துளைக்குறி தேடுவதற்கு முதல் காரணமே இதுதான்.

எவ்வளவு மங்கும் என்பதைக் கணக்கிடலாம். சிங்கப்பூரில் கண்ணாடிக் கடைக்குப் போனால் "200 டிகிரி" என்பார்கள். அது 2 டயாப்டர். டயாப்டர் என்பது மீட்டரில் உள்ள தூரத்தின் தலைகீழ் எண். ஒரு மீட்டரில் உள்ள முன்குறிக்கு 1, பத்து மீட்டரில் உள்ள இலக்குக்கு 0.1. வேறுபாடு 0.9. அதாவது, முன்குறியைத் தெளிவாகப் பார்க்கும்போது, 90 டிகிரி கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதுபோல்தான் இலக்கு தெரியும்.

கண்ணின் பாவை 4 மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது என்று கொள்வோம். பாவையின் விட்டத்தை அந்த 0.9 ஆல் பெருக்கினால் 3.6 வரும். ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் 3.6 மில்லிமீட்டர் மங்கல் என்பது இதன் பொருள். பத்து மீட்டரில் 36 மில்லிமீட்டர். குறிப்பலகையின் நடுவிலுள்ள கறுப்பு வட்டமே 30.5 மில்லிமீட்டர்தான்! மங்கல் அதைவிடப் பெரிது.

இப்போது கண்ணுக்கு முன்னால் 1.1 மில்லிமீட்டர் துளை ஒன்றை வையுங்கள். பாவை 4 மில்லிமீட்டர் விரிந்திருந்தாலும், ஒளி வருவது 1.1 மில்லிமீட்டர் வழியாகத்தான். மங்கல் 36லிருந்து சுமார் 10 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். எந்த வில்லையும் இல்லை, மின்கலமும் இல்லை. வெறும் ஓட்டை.

நம்பிக்கை இல்லையா? கிட்டப்பார்வை உள்ளவர்கள் இந்த நாளிதழைச் சற்றுத் தள்ளி வைத்து, கண்ணாடியைக் கழற்றுங்கள். எழுத்துகள் மங்கும். ஓர் அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, அதைக் கண்ணை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். எழுத்துகள் திரும்பி வரும். சற்று இருட்டாக இருக்கும், ஆனால் படிக்க முடியும். சூரியனை மட்டும் இதன் வழியாகப் பார்த்துவிடாதீர்கள்.

அந்த இருட்டுக்கும் கணக்கு உண்டு. 1.1 மில்லிமீட்டர் துளையின் பரப்பு, 4 மில்லிமீட்டர் பாவையின் பரப்பில் பதின்மூன்றில் ஒரு பங்கு. ஒளியும் அவ்வளவுதான் வரும். சுடுதளங்களில் குறிப்பலகை மீது பளீரென்று விளக்கு போட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"அப்படியானால் துளையை இன்னும் சிறிதாக்கினால் இன்னும் தெளிவாக இருக்குமே?" என்று கேட்பீர்கள். அரை மில்லிமீட்டராக்கிப் பாருங்கள். படம் மீண்டும் மங்கிவிடும். ஒளி ஓர் அலை. குறுகிய துளையில் நுழையும் அலை விரிந்து பரவும். 1.1 மில்லிமீட்டர் துளையில் இந்தப் பரவல் பத்து மீட்டரில் சுமார் 6 மில்லிமீட்டர், 0.5 மில்லிமீட்டர் துளையில் 13 மில்லிமீட்டருக்கு மேல். ஒரு மங்கலைக் குறைக்கப் போய் இன்னொன்றை வாங்கிக்கொள்கிறோம். இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசப் புள்ளி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. போட்டியாளர்களின் துளைகள் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியே இருப்பது தற்செயல் இல்லை.

சரி, மங்கல் குறைந்தது. ஆனால் 10 மில்லிமீட்டர் மங்கலை வைத்துக்கொண்டு 1 மில்லிமீட்டரை எப்படிப் பிடிப்பது? இங்கேதான் மூளை உதவிக்கு வருகிறது. இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிவதில் கண்ணுக்கு எல்லை இருக்கிறது. ஆனால் ஒரு கோடு இன்னொன்றுக்கு நேராக இருக்கிறதா, ஒரு வட்டம் இன்னொரு வட்டத்தின் நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பதில் கண் அசாத்தியமான கெட்டிக்காரன். வெர்னியர் காலிப்பரில் கோடுகள் பொருந்துவதை நீங்கள் கண்டுபிடிப்பது இந்தத் திறமையால்தான். பாகையின் அறுபதில் ஒரு பங்கை மீண்டும் அறுபதாக வெட்டினால் கிடைப்பது ஒரு விநாடிக் கோணம். பிரித்தறிய 60 விநாடி வேண்டும். நேர்ப்படுத்தப் பத்துக்கும் குறைவான விநாடியே போதும். பத்து மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது சுமார் 21 விநாடி. பிரித்தறிய முடியாது, நேர்ப்படுத்த முடியும்!

அதனால்தான் போட்டித் துப்பாக்கியின் முன்குறி முனையாக இல்லாமல் வளையமாக இருக்கிறது. பத்து மீட்டரில் உள்ள 30.5 மில்லிமீட்டர் கறுப்பு வட்டம், ஒரு மீட்டரில் உள்ள முன்குறியின் தூரத்தில் 3.05 மில்லிமீட்டராகத் தெரியும். வளையத்தை அதைவிடச் சற்றுப் பெரிதாக, 4 மில்லிமீட்டர் அளவில் வைத்தால், கறுப்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கீற்று தெரியும். அந்தக் கீற்று எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்பதை மட்டும் கண் பார்த்தால் போதும். பின்துளை, முன்வளையம், கறுப்பு வட்டம் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று. பின்துளையை உற்றுப் பார்க்கவே தேவையில்லை. துளையைப் பார்க்கக் கூடாது, துளை வழியே பார்க்க வேண்டும் என்று பயிற்றுநர்கள் சொல்வது இதைத்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றதும் இப்படி வட்டத்துக்குள் வட்டம் பார்த்துத்தான்.

கெர்பாவ் ரோட்டில் ஒரு பாடம்

இப்போது பழைய துப்பாக்கிக்கு வருவோம். அதற்கு முன் ஒரு சட்டச் செய்தி. சிங்கப்பூரில் காற்றுத் துப்பாக்கியும் சட்டப்படி துப்பாக்கிதான். உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகத் துப்பாக்கி சுடுதலைக் கற்பவர்கள் சுடுதளத்தில், பயிற்றுநர் முன்னிலையில்தான் அதைத் தொடுவார்கள். கீழே சொல்லும் வேலைகளைச் செய்பவர் உரிமம் பெற்ற கைவினைஞர். நீங்கள் செய்ய வேண்டியது, அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று புரிந்துகொள்வதுதான்.

அதற்கு லிட்டில் இந்தியாவில் ஒரு நடை நடந்தாலே பாதி புரிந்துவிடும். கெர்பாவ் ரோட்டில் வானவில்போல் பல நிறங்களில் நிற்கிறதே, டான் டெங் நியா வீடு, அது 1900ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. சுற்றியுள்ள கடைவீடுகளோடு லிட்டில் இந்தியா 1989ல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கடைக்காரருக்குக் குளிர்சாதனம் வேண்டும், பெயர்ப்பலகை வேண்டும், மின்கம்பி வேண்டும். ஆனால் நினைத்த இடத்தில் சுவரை இடிக்க முடியாது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதி மூன்று சொற்களில் அடங்கும்: முடிந்தவரை இருப்பதை வைத்துக்கொள், பக்குவமாக மீட்டெடு, கவனமாகப் பழுதுபார். அருங்காட்சியகங்களில் அரும்பொருள்களைப் பேணுபவர்கள் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். இன்று நீ சேர்க்கும் எதையும், நாளை இன்னொருவர் தடயமின்றிக் கழற்ற முடிய வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

பழைய துப்பாக்கிக்கும் இதுவேதான். இங்கிலாந்தின் பிஎஸ்ஏ நிறுவனம் 1905 முதல் செய்த காற்றுத் துப்பாக்கிகளில் சில இன்றும் சுடுகின்றன. இன்னொரு நூறு ஆண்டு அவை இருக்கலாம். நடுவில் வந்த உரிமையாளர் ஒருவர் துரப்பணத்தை எடுத்து இரண்டு ஓட்டை போட்டுவிட்டால், அதைத் திருப்பி எடுக்க வழியே இல்லை.

ஓட்டை போடுவது அழகை மட்டும் கெடுப்பதில்லை. வில்லால் இயங்கும் பழைய காற்றுத் துப்பாக்கியில், நீங்கள் மேலே பார்க்கும் அந்தத் தடித்த எஃகு உருளைதான் அதன் இயந்திரமே. உள்ளே வலுவான சுருள்வில், அதற்கு முன்னால் ஓர் உந்துதண்டு. விசையை இழுத்ததும் வில் உந்துதண்டைத் தள்ளும், உந்துதண்டு காற்றை அழுத்தும், அந்தக் காற்று குண்டைத் தள்ளும். உருளையின் சுவர் மெல்லியது. அதில் துளையிட்டால் உள்பக்கம் பிசிறு எழும்பி உந்துதண்டைக் கீறும். அழுத்தம் உருவாகும் பகுதியில் துளை விழுந்தால் காற்றே கசிந்துவிடும். கண் வைக்கப் போய் நுரையீரலில் ஓட்டை போட்ட கதை.

காடி, திருகு, பித்தளைத் தகடு

ஓட்டை இல்லாமல் பொருத்த, துப்பாக்கியிலேயே ஏற்கெனவே இருப்பதைத்தான் தேட வேண்டும். 1950களுக்குப் பிறகு வந்த பல துப்பாக்கிகளின் உருளை மீது, நீளவாக்கில் இரண்டு இணையான காடிகள் வெட்டப்பட்டிருக்கும். குறியின் அடிப்பாகம் இரண்டு தாடைகளால் அந்தக் காடிகளைக் கவ்விக்கொள்ளும். இரண்டு காடிகளுக்கும் இடையே உள்ள அகலம் பெரும்பாலும் 11 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், ஆனால் எல்லாத் துப்பாக்கியிலும் அல்ல. 13 மில்லிமீட்டரை ஒட்டியும் உண்டு. காடியின் சரிவுக் கோணமும் மாறும். அதனால் முதல் கருவி திருகாணிமுடுக்கி அல்ல, வெர்னியர் காலிப்பர். பொருந்தாத தாடையை இறுக்கினால், அது காடியின் விளிம்பில் ஒரே கோட்டில் மட்டும் அழுத்தும். அந்தச் சிறு பரப்பில் அழுத்தம் எகிறி, விளிம்பு நசுங்கும்.

சிறிய இடைவெளியை நிரப்ப மெல்லிய பித்தளைத் தகடு வைப்பார்கள். ஏன் பித்தளை? அது எஃகைவிட மென்மையானது. இரண்டும் உரசினால் கீறல் பித்தளையில்தான் விழும். துப்பாக்கி பிழைத்துக்கொள்ளும், தகட்டை மாற்றிக்கொள்ளலாம். தோல் துண்டு வைக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்ட தோலில் அமிலமும் இருக்கும். கீழே எஃகு துருப்பிடிப்பது தோலை எடுக்கும்போதுதான் தெரியும்.

துரு என்பது நம் ஊரில் சாதாரண விஷயம் அல்ல. துப்பாக்கியின் அந்தக் கருநீல நிறம் சாயம் என்று நினைக்காதீர்கள். அது எஃகின் மேற்பரப்பிலேயே உருவாக்கப்பட்ட இரும்பின் கறுப்பு ஆக்ஸைடு. மேக்னடைட் என்ற பெயரில் வேதியியல் பாடத்தில் வருமே, அதுதான். மிக மெல்லிய படலம். ஒரு கீறல் அதைக் கடந்தால் வெறும் இரும்பு வெளியே வரும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் சிவப்புத் துரு தொடங்க அது போதும். விரல் ரேகையிலுள்ள உப்பே போதும். இன்னொரு சிக்கலும் உண்டு: இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, நடுவே வியர்வை ஈரமும் சேர்ந்தால், அங்கே ஒரு குட்டி மின்கலம் உருவாகிவிடும். பித்தளையும் எஃகும் சேரும்போது அரிக்கப்படுவது எஃகு. அதனால் கவ்வும் பரப்பில் மெல்லிய மெழுகுப் படலம் ஒன்றைத் தடவிவிட்டுத்தான் பொருத்துவார்கள். நாம் மேலே புகழ்ந்த பித்தளைக்கும் இந்த நிபந்தனை உண்டு.

காடியே இல்லாத, இன்னும் பழைய துப்பாக்கி என்றால்? பழைய பின்குறியைத் தாங்கிய திருகுத் துளைகள் இருக்கும். சிலவற்றில் தொழிற்சாலையிலேயே கூடுதல் துளை போட்டிருப்பார்கள். இங்கிலாந்தின் வெப்லி மார்க் 3 துப்பாக்கியின் போட்டி வகை ஒன்று பார்க்கர் ஹேல் துளைக்குறியோடே விற்கப்பட்டது. இருக்கும் துளையிலிருந்து ஒரு பித்தளைப் பாலத்தைப் பின்னோக்கி நீட்டி, அதன் மேல் துளைக்குறியை உட்கார வைக்கலாம்.

ஆனால் அந்தத் துளைக்குள் எந்தத் திருகைப் போடுவது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் கருவிகளில் பிஏ என்ற திருகு வகை வழங்கியது. 0 பிஏ திருகின் விட்டம் 6 மில்லிமீட்டர், புரிக்குப் புரி 1 மில்லிமீட்டர். இன்றைய எம்6 திருகின் விட்டமும் 6, புரி இடைவெளியும் 1. அளந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் பிஏ புரியின் கோணம் 47.5 பாகை, எம்6 புரியின் கோணம் 60 பாகை. கையால் இரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும். "கொஞ்சம் பலமாகத் திருகினால் போய்விடும்" என்று நினைத்தால், போவது நூறு வருடப் புரி. சரியான திருகு விரலால் திருகினாலே கடைசிவரை போகும். போகாவிட்டால் அது தவறான திருகு.

பசையால் ஒட்டிவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்கக்கூடும். அருங்காட்சியகத்தார் பயன்படுத்தும் பாரலாய்ட் பி-72 என்ற பிசின் அசிட்டோனில் கரைந்துவிடும். சுவடில்லாமல் எடுக்கலாம். ஆனால் அது உடைந்த பானையை ஒட்டத்தான் உதவும், சுடும் துப்பாக்கிக்கு ஆகாது. எபாக்சி தாங்கும், ஆனால் திரும்பி வராது. ஆக, பசை வேண்டாம்.

இரண்டு முறை உதைக்கும் துப்பாக்கி

ஏன் இவ்வளவு இறுக்கம் தேவை? வில் துப்பாக்கிக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உந்துதண்டு முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் நகரும். அடுத்த கணம் உந்துதண்டு உருளையின் முனையை எட்டி நின்றுவிடும். அப்போது துப்பாக்கி முன்னால் துள்ளும். ஒவ்வொரு சுடுதலிலும் முன்னும் பின்னும் இரண்டு உதை. மேலே கவ்வியிருக்கும் குறி, நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். நூறு குண்டுக்குள் அது மெல்லத் தவழ்ந்து நகர்ந்துவிடும். இதைத் தாங்க முடியாமல்தான் ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் 1960களில் துப்பாக்கியின் முழு இயந்திரமும் கட்டைக்குள் வழுக்கிப் பின்னால் போகும்படி செய்தது. இன்றைய போட்டித் துப்பாக்கிகளில் வில்லே இல்லை, முன்கூட்டியே அடைத்த காற்றுதான்.

தவழும் குறியை அழுத்தி நிறுத்துவதைவிட, தடுத்து நிறுத்துவது நல்லது. காடியின் பின்முனையில் சின்னத் தடுப்பு ஒன்றை வைத்தால், திருகை அளவாக இறுக்கினாலே போதும். திருகை மேலும் மேலும் இறுக்குபவர் குறியைக் காப்பாற்றலாம், ஆனால் மெல்லிய உருளையை நசுக்கிவிடுவார்.

எவ்வளவு நகர்ந்தால் ஆபத்து? வடிவொத்த முக்கோணங்கள் உங்களுக்குத் தெரியும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 75 சென்டிமீட்டர் என்றால், பின்குறி நகரும் தூரம் பத்து மீட்டரில் 13.3 மடங்காகப் பெருகும். குறிப்பலகையில் 1 மில்லிமீட்டர் விலக, பின்குறி 0.075 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். அது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்.

உயரத்துக்கும் இதே கணக்குதான். புதிய துளை, பழைய வெட்டைவிட 5 மில்லிமீட்டர் உயரமாக அமைந்துவிட்டால் குண்டு 67 மில்லிமீட்டர் மேலே போய்விடும், அதாவது குறிப்பலகைக்கே வெளியே. பலரும் இங்கேதான் தவறு செய்கிறார்கள். பின்குறியின் அடிப்பாகத்தை அராவித் தாழ்த்தலாம், அது புதிய பொருள். துப்பாக்கியின் உடலில் அரம் படக் கூடாது. அதுவும் போதாவிட்டால் முன்குறியை உயர்த்த வேண்டும். முன்குறி குறுக்குக் காடியில் செருகியிருந்தால், அதைப் பித்தளைக் குச்சியால் மெதுவாகத் தட்டி எடுத்து, உயரமான வேறொன்றைச் செருகலாம்.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் கடைசியில் வருகிறது. மெரினா பலூன் துப்பாக்கியைப்போல் குழலை மடக்கிக் குண்டு போடும் வகையில், பழைய முன்குறி, பின்குறி இரண்டும் குழல் மீதே இருக்கும். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். மடக்கி மூடும் கீல் தேய்ந்து, குழல் ஒவ்வொரு முறையும் சற்று வேறு கோணத்தில் மூடினாலும், இரண்டு குறிகளும் குழலோடே சேர்ந்து நகரும். குறி தவறாது. நாமோ துளைக்குறியைக் கண்ணுக்கு அருகில், உருளை மீது வைக்கப் போகிறோம். இப்போது ஒரு குறி உருளையில், மற்றது குழலில். கீலின் ஒவ்வொரு தள்ளாட்டமும் குறிப்பலகையில் வந்து விழும். அன்று வடிவமைத்தவர் அறியாமையால் வெட்டைக் குழல் மேல் வைக்கவில்லை என்பது, அதை மாற்றும்போதுதான் நமக்குப் புரிகிறது. ஆகவே மடக்குத் துப்பாக்கி என்றால் முதலில் கீலைச் சோதிக்க வேண்டும். 1905 பிஎஸ்ஏவில் குழல் அசையாது, அடியிலுள்ள நெம்புகோல்தான் வில்லை இழுக்கும். அதில் இந்தத் தொல்லை இல்லை. எல்லாத் துப்பாக்கிக்கும் துளைக்குறி பொருந்தாது என்று சொல்லவும் ஒரு கைவினைஞருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

துப்பாக்கி இல்லாமலே இதை உணர்ந்து பார்க்கலாம். ஒரு மீட்டர் அளவுகோலை மேசை மேல் புத்தகங்களை அடுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு முனையில் அட்டையில் 4 மில்லிமீட்டர் ஓட்டை. மறுமுனையில், உங்கள் கண் பக்கம், குண்டூசித் துளை போட்ட அட்டை. ஐந்து மீட்டர் தள்ளி, சுவரில் 15 மில்லிமீட்டர் கறுப்பு வட்டம் ஒன்றை நண்பர் பிடிக்கட்டும். வட்டம் நடுவில் வரும்வரை "மேலே, கீழே, இடது" என்று சொல்லி, வந்ததும் சுவரில் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். வட்டத்தை எடுத்துவிட்டு மீண்டும் செய்யுங்கள். பத்து முறை. பிறகு பின் அட்டையை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் 'வி' வெட்டிய அட்டையை வைத்து இன்னொரு பத்து முறை. இரண்டு பென்சில் குறிக் கூட்டங்களில் எது பரந்து கிடக்கிறது என்று அளவுகோலால் அளந்து பாருங்கள். வீட்டில் வெள்ளெழுத்துக் கண்ணாடி போடும் தாத்தாவையோ பாட்டியையோ கண்ணாடி இல்லாமல் பார்க்கச் சொன்னால், வேறுபாடு இன்னும் பெரிதாக வரக்கூடும்.

துளைக்குறி பொருத்தி முடித்த கைவினைஞர் கடைசியாக இரண்டு காரியம் செய்வார். குறியைக் கழற்றி மறுபடி பொருத்தி, அதே இடத்துக்கு வருகிறதா என்று பார்ப்பார். கழற்றியபோது, வேலை தொடங்கும் முன் எடுத்த படத்தோடு துப்பாக்கியை ஒப்பிட்டு, புதிய தடம் ஏதும் உண்டா என்று உருப்பெருக்கியால் தேடுவார். பிறகு பழைய பின்குறி, அதன் திருகு, சின்ன வில் எல்லாவற்றுக்கும் மெழுகு தடவி, ஒரு பையில் போட்டு, எந்தத் துப்பாக்கியுடையது, என்று கழற்றியது என்று எழுதி, துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவார்.